அத்தியாயம் 11: முடியுமட்டும் விரதம்

பொய் சொல்லுகிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். அருள்நேசனுக்கு அது தேவைப்படவில்லை. அவர் சொன்ன பொய்யை அவர் குடியிருந்த ஒழுங்கை முழுவதும் அவருக்காக ஞாபகம் வைத்திருந்தது.

கொக்குவிலில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அவரைத் தெரியாதவர் இல்லை. அயல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் வெள்ளை வான் அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவின் பின்வரிசையிலிருந்து கிணற்றுக்குள்ளால் வருவதுபோல வரும் குரலும் அவருடையதுதான். சித்திரை மாதத்தில் இரண்டாவதுக்கு ஆபத்து வரவில்லை. முதலாவதுக்கு மட்டும் வந்தது.

லைசன்ஸ் புதுப்பிக்க வைத்தியரின் கையெழுத்து வேண்டும். டொக்டர் உதயகலா இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுப் பேனையை மூடி வைத்தார்.

"மூண்டு மாசச் சீனி ஒன்பதைத் தாண்டி நிக்குது. ஏழுக்குக் கீழை கொண்டு வாங்கோ, போட்டுத் தாறன். முதலிலை பின்னேரத்திலை நடவுங்கோ."

நடந்தார். அங்கேதான் பிசகியது.

வீட்டிலிருந்து ரெயில் ஸ்ரேசன் வரைக்கும் ஒரு வாசல் படலை பாக்கியில்லாமல் ஆள் நின்றது. "எங்கை தம்பி, வேர்க்க விறுவிறுக்க? வாரும், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்." வேண்டாம் என்றால், "ஏன், எங்கடை வீட்டுத் தண்ணி வாயிலை படாதோ?" என்று வரும். அதற்குப் பதில் சொல்லக்கூடிய மனிதன் யாழ்ப்பாணத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அருள்நேசன் ஒவ்வொரு வீட்டிலும் இனிக்க இனிக்கக் குடித்தார். கூடவே பால்ரொட்டி. கனடாவில் யாரோ ஒரு பேரனுக்குப் பிறந்தநாள் என்றால் இங்கே கேக். ஒரு மாத நடையில் இடுப்பு பருத்து வந்த நோயாளியை டொக்டர் உதயகலா தலை முதல் கால் வரை இரண்டு தரம் பார்த்தார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வான் ஓட்டுகிறவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்று வெளியே தெரிந்தால், அடுத்த நாளே தாய்மார் வேறு வான் பார்ப்பார்கள் என்பது அவருடைய பயம். மனைவி மியூரியலுக்கும் மகள் றெபேக்காவுக்கும் மட்டுமே விஷயம் தெரியும்.

இந்த நிலையில்தான் ஒருநாள், எதிர்வீட்டுச் செல்வநாயகி கோப்பையோடு படலை வரைக்கும் வந்துவிட்டார். தப்ப வழியில்லை. அருள்நேசனின் வாயிலிருந்து, அவருக்கே தெரியாமல், ஒரு சொல் விழுந்தது.

"இல்லை அக்கா. நான் விரதம்."

செல்வநாயகி கோப்பையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்த ஒழுங்கை அப்படிப்பட்டது. வைத்தியர் தடுத்தால் வாதாடுவார்கள். கடவுள் தடுத்தால் வழிவிடுவார்கள்.

"எத்தினை நாளைக்குத் தம்பி?"

அருள்நேசன் பரம்பரை மெதடிஸ்தர். விரதங்களுக்கு நாள் கணக்கு உண்டு என்பது தெரியும், என்ன கணக்கு என்பது தெரியாது.

"முடியுமட்டும்."

அன்றிலிருந்து ஒழுங்கையில் ஒரு படலையும் அவரை மறிக்கவில்லை. இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

*

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை காலை. லைசன்ஸ் ஞாயிறோடு முடிகிறது. இரத்தம் நேற்றுக் கொடுத்தாயிற்று. முடிவு இன்று பின்னேரம் வரும்.

றெபேக்கா ஒரு கையில் சீனி வருத்தத்துக்கு ஏற்ற குரக்கன் பிட்டும் மற்றக் கையில் போனுமாகக் குசினி வாசலில் நின்றபடி சாப்பிட்டாள்.

"ரிப்போட்டை எடுத்துக்கொண்டு நேரை டொக்டரிட்டைப் போறன். கையெழுத்தோடைதான் வீட்டை வருவன்."

"இருந்து சாப்பிடு பிள்ளை" என்றார் அருள்நேசன்.

"நேரமில்லை அப்பா. ஆறுதலாச் சாப்பிடுறது எப்பிடியெண்டு இண்டைக்கு வகுப்பெடுக்கவேணும்."

அவள் பட்டினத்தில் ஒரு கணினிக் கம்பெனியில் ஊழியர் நலன் அலுவலர். மணிக்கொருதரம் எழும்பி நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், மேசையை விட்டுத் தள்ளிப் போய்ச் சாப்பிடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பது வேலை. அந்த வேலை மும்முரத்தில் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி பல நாள் மூடியபடியே வீடு திரும்பும்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்ததும் மியூரியல் கணவனுக்கு எதிரே வந்து இருந்தார். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தம் போடாமல் ஆளை அடக்குவதில் அவருக்குப் பயிற்சி உண்டு.

"இஞ்சாருங்கோ. கையெழுத்து வந்தாலும் வராட்டிலும், உந்தப் பொய்யை இண்டைக்கு முடிக்கவேணும்."

"வரட்டும் மியூரியல். பிறகு ஆறுதலா..."

"செல்வநாயகி அக்கா நேற்றுக் கோயில் பிரசாதம் கொண்டு வந்து தந்தவ. 'உங்கடை மனுசன் ஒரு சித்தரப்பா' எண்டு கண்ணைத் துடைக்கிறா. எனக்கு எங்கை பாக்கிறதெண்டு தெரியேல்லை."

"நீ என்ன சொன்னனீ?"

"நான் முப்பது வருசமாப் பாக்கிறன், எனக்கு உது தெரியாமல் போச்சுதே எண்டு சொன்னனான்."

அருள்நேசன் வான் திறப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். சித்தர்கள் வாக்குவாதத்தில் நிற்பதில்லை.

*

ஒன்றைச் சொல்ல வேண்டும். பொய் பொய்தான், அது வாங்கிக் கொடுத்த நடை உண்மையானது.

முன்பெல்லாம் வானின் காலை ஓட்டம் முடிந்தால், மதிய மணி அடிக்கும்வரை அவர் வானுக்குள்ளேயே கிடப்பார். இரண்டு றோல்ஸ், ஒரு சோடா, திறந்த வாயோடு ஒரு நித்திரை. எழும்பும்போது உலகத்தின் மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தை ஹோனில் காட்டுவார். பிள்ளைகள் வண்டிக்குள் சத்தம் போட்டால் பிரேக்கில் காட்டுவார்.

இப்போது வானைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடந்தார். மர நிழலில் இருந்து மியூரியல் கட்டித் தந்த பிட்டையும் முருங்கையிலை வறையையும் மென்று தின்றார். போனை வானுக்குள்ளேயே விட்டுவிட்டுப் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தார். இரவில் ஒன்பதரைக்கே படுத்தார். அவ்வளவுதான். இதற்குப் பட்டினத்தில் வகுப்பு நடக்கிறது என்பதை மகள் சொல்லித்தான் அறிந்தார்.

பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். ஏசாத அருள் அங்கிளை அவர்கள் கண்டதில்லை. ஒரு வாரம் வானுக்குள் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பிறகு அவருக்கு ஏதும் வருத்தமில்லை என்று முடிவு கட்டிப் பழையபடி சத்தம் போட்டார்கள். அப்போதும் அவர் ஏசவில்லை.

அன்று கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வானைத் திருப்பியவர், வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்டு பழைய பழக்கத்தில் பிரேக்கை மிதித்தார்.

நமசிவாயம் நின்றார். செல்வநாயகியின் கணவர், வாழைத்தோட்டக்காரர். புதுக் கரை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் செல்வநாயகி பட்டுச் சேலையில். பின்னால் அவர்களுடைய மகள் ஜெயகௌரி, கையில் பூத்தட்டோடு. ஜெயகௌரியின் பிள்ளைகள் இரண்டும் இவருடைய வானில்தான் போகிறார்கள். அதைவிட முக்கியம், வான் தாய்மாரின் வாட்ஸ்அப் குழு அவளுடையது. அவள் ஒரு வரி போட்டால் வான் நிரம்பும். இன்னொரு வரி போட்டால் காலியாகும்.

"இறங்காதையும் தம்பி" என்றார் நமசிவாயம். "வானைத் திருப்பும். சந்நிதி முருகன் கோயிலுக்குப் போறம்."

"ஆர் அண்ணை போறியள்?"

"நீரும்தான்." நமசிவாயம் ஒரு பார்சலை யன்னலுக்குள்ளால் நீட்டினார். உள்ளே மடிப்புக் குலையாத வேட்டி. "முடியுமட்டும் எண்டு விரதம் பிடிச்சிருக்கிறீர். உம்மடை ஆக்களுக்கு அதை முடிச்சு வைக்கிற முறை தெரியாது. நாங்கள் எதுக்கு இருக்கிறம்? தொண்டைமானாத்திலை உமக்கொரு காவடிக்குச் சொல்லியாச்சு."

"காவடியோ?"

"பயப்பிடாதையும். சின்னக் காவடிதான்."

அருள்நேசன் ஏதாவது சொல்ல வாயெடுத்தபோது ஒழுங்கை முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் கேட்டது. அது றெபேக்காவுடையதல்ல. அவருடைய தேவாலயத்துச் சிமியோன் போதகருடையது.

போதகர் இறங்கினார். வேட்டிப் பார்சலைப் பார்த்தார். பூத்தட்டைப் பார்த்தார். பிறகு ஒரு முகில்கூட இல்லாத ஆடி வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும் போலை கிடக்கு" என்றார்.

அந்த வசனத்திலேயே அருள்நேசனுக்கு விளங்கிவிட்டது. செய்தி தேவாலயம் வரை போய்விட்டது.

"எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ" என்று வாசலில் மியூரியலின் குரல் கேட்டது. "நிண்டுகொண்டு என்ன கதை? தேத்தண்ணி போட்டிட்டன்."

*

விறாந்தையில் கதிரைகளை இழுத்து எல்லோரும் இருந்தார்கள். போதகர், கிறிஸ்தவர் விரதமிருக்கும் தபசுகாலம் முடிந்து கன நாளாகிறது என்பதைப் பொதுவாகச் சொன்னார். நமசிவாயம் சந்நிதியானுக்குச் சாதி சமயம் இல்லை என்பதைப் பொதுவாகச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அருள்நேசனைப் பார்த்தார்கள்.

மியூரியல் தட்டோடு வந்தார். போதகர் ஒன்று எடுத்தார். நமசிவாயம், செல்வநாயகி, ஜெயகௌரி ஒவ்வொன்று. தட்டில் ஐந்தாவது கோப்பை மிஞ்சியது. அதை அவர் கணவனுக்கு முன்னால் வைத்தார். கரண்டி நிற்கும் அளவுக்குச் சீனி. வேண்டுமென்றேதான் வைத்தார்.

"எடுங்கோவன்" என்றார் மியூரியல்.

அருள்நேசன் கோப்பையைப் பார்த்தார். விரதம் என்று சொன்னால் போதகர் கேட்டுக்கொண்டிருக்கிறார். விரதமில்லை என்றால் செல்வநாயகி கேட்டுக்கொண்டிருக்கிறார். பேசாமல் குடித்துவிட்டால் இருவரும் விட்டுவிடுவார்கள்; அவரது இரத்தம் விடாது. உண்மையைச் சொன்னால் ஜெயகௌரி இருக்கிறாள், மடியில் போனோடு.

இத்தனைக்கும் அது ஒரு கோப்பை தேத்தண்ணிதான். ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவர் அதை இரண்டு கையாலும் எடுத்து, மெதுவாகத் தட்டிலே திருப்பி வைத்தார்.

"எனக்கு விரதமுமில்லை, ஒரு மண்ணுமில்லை" என்றார். "எனக்குச் சீனி வருத்தம். சித்திரையிலையிருந்து தெரியும். சொன்னால் வானுக்குப் பிள்ளையளை விடமாட்டியள் எண்டு பயத்திலை ஒளிச்சனான். ஏழுக்குக் கீழை வந்தால்தான் டொக்டர் கையெழுத்துப் போடுவா. ரிப்போட் இண்டைக்கு. என்னெண்டு வருதோ எனக்குத் தெரியாது. செல்வநாயகி அக்கா, நீங்கள் எழும்பி நிண்டதுதான் எனக்குப் பெரிய கூச்சமாய்க் கிடந்தது. குறை நினையாதையுங்கோ."

தூரத்தில் தண்டவாளத்துக் கடவை மணி அடித்தது. பின்னேர ரெயின் தடதடத்துப் போய் முடிந்தது.

முதலில் அசைந்தது நமசிவாயம். தன் கோப்பையைக் கீழே வைத்தார். அதில் ஒரு துளியும் குறைந்திருக்கவில்லை.

"எனக்குப் பன்னிரண்டு வருசம்" என்றார்.

"என்ன அண்ணை?"

"உதே வருத்தம்தான். இந்தா." வேட்டி மடிப்பிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"அப்பா!" ஜெயகௌரி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உனக்குக் கலியாணம் பேசின நேரம் பிள்ளை. சலரோகக்காரன் வீட்டிலை பொம்பிளை எடுக்கமாட்டினம் எண்டு பொத்தி வைச்சது. கலியாணம் முடிஞ்சுது. பொத்தினதை அவிழ்க்க மறந்துபோனம்."

"பன்னிரண்டு வருசமா மறந்தனீங்களோ?"

"ஒரு கதைக்குச் சொல்லுறன்."

சிமியோன் போதகர் தொண்டையைச் செருமினார். "ஊழியத்திலை நான் ஒரு நாளைக்கு எட்டு வீடு சந்திக்கிறன்" என்றார் தாழ்ந்த குரலில். "எட்டு வீட்டிலையும் போதகருக்கெண்டு ஒரு கரண்டி கூடப் போடுவினம். போன மாசம் கிளினிக்கிலை என்னை இருத்தி வைச்சு ஏசினவை." அவரும் கோப்பையைக் கீழே வைத்தார்.

செல்வநாயகி மட்டும் அசையவில்லை. அவருடைய பார்வை அருள்நேசன் மேலேயே இருந்தது. கோபிக்கப் போகிறார் என்று அருள்நேசன் நினைத்தார்.

"தம்பி" என்றார் கடைசியில். "எங்கடை வீட்டிலை சீனி ஆருக்கு வாங்கிறதெண்டு தெரியுமோ?"

"ஆருக்கு அக்கா?"

"உமக்கு. வாற ஆக்களுக்கு. இந்த மனுசனுக்கு இந்த வருத்தமெண்டு நான் வாயிலை சீனி வைச்சே எத்தினையோ வருசம். நீர் கடகடவெண்டு குடிக்கேக்கை, இந்தப் பிள்ளைக்கு இனிப்பெண்டால் உயிர் எண்டு நினைச்சு இன்னும் ஒரு கரண்டி போடுவன்."

"நீங்கள் குறை நினைப்பியள் எண்டுதான் நான் குடிச்சனான்!"

"நீர் குறை நினைப்பீர் எண்டுதான் நான் போட்டனான்!"

மியூரியல்தான் முதலில் சிரித்தார். நூலகத்தில் முப்பது வருடம் அடக்கி வைத்த சிரிப்பு. அது போதகருக்குத் தொற்றி, நமசிவாயத்துக்குத் தொற்றி, கடைசியில் செல்வநாயகி பட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயகௌரி சிரிக்கவில்லை. வாட்ஸ்அப் குழு அவளுடையது என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"அங்கிள்" என்றாள். "நான் ஒண்டு நேரை சொல்லுறன். கையெழுத்து இல்லாமல் என்ரை பிள்ளையளை ஏத்தமாட்டன். சொந்தக்காரர் எண்டாலும் ஏத்தமாட்டன்."

"அது நியாயம் பிள்ளை."

"கையெழுத்து வந்தால் வேற ஆற்றை வானிலையும் ஏத்தமாட்டன்." அவள் குரல் இளகியது. "முந்தி உங்கடை ஹோன் கேட்டாலே சின்னவன் கட்டிலுக்குக் கீழை போய் ஒளிக்கிறவன். இந்த ரெண்டு மாசமா உங்களுக்கு முதல் படலையிலை போய் நிக்கிறான். வானுக்குள்ளை ஏதோ நடந்திருக்குது எண்டு நாங்கள் தாய்மார் கதைச்சனாங்கள். உங்கடை விரதம்தான் எண்டு நினைச்சம். நடைதான் எண்டால் இன்னும் நல்லது. நாங்களும் நடக்கலாம்."

அருள்நேசன் தலையாட்டினார்.

அந்த நேரத்தில் றெபேக்காவின் மோட்டார் சைக்கிள் படலையைத் தாண்டி வந்து, பூத்தட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு கடித உறையை நீட்டினாள். பிறகுதான் கதிரைகளில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கண்டு கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஒளிக்காதை பிள்ளை, எல்லாருக்கும் தெரியும்" என்றார் அருள்நேசன். "அண்ணை, என்ரை கண்ணாடி வானுக்குள்ளை. நீங்களே வாசியுங்கோ."

நமசிவாயம் உறையைப் பிரித்தார். கையை நீட்டிப் பிடித்தார். கிட்டப் பிடித்தார். கோயிலில் திருமுறை ஓதும் குரலில் வாசித்தார்.

"ஆறு... தசம்... ஒன்பது."

"கீழை பாருங்கோ மாமா" என்றாள் றெபேக்கா. தலைக்கவசத்துக்குள் அவள் முகம் முழுவதும் பல்லாக இருந்தது.

கீழே, பச்சை மையில், டொக்டர் உதயகலாவின் கையெழுத்து. அதற்கும் கீழே ஒரு வரி: நடையை விடவேண்டாம்.

"அரோகரா!" என்றார் நமசிவாயம்.

"ஸ்தோத்திரம்!" என்றார் போதகர்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால், எது முதலில் போய்ச் சேர்ந்தது என்பதை மேலே உள்ளவர்கள்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஜெயகௌரி போனை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாள். அருள்நேசன் எட்டிப் பார்த்தார். "வான் திங்களும் வழமைபோல வரும். அங்கிளுக்கு எல்லாரும் ஒரு கை தட்டுங்கோ." கைதட்டும் படங்கள் மழைபோல விழுந்துகொண்டிருந்தன. மழை வரும் என்று போதகர் சொன்னது சரிதான்.

"அப்ப காவடி?" என்று நினைவுபடுத்தினார் செல்வநாயகி.

நமசிவாயம் கொஞ்சம் யோசித்தார். "சொன்னது சொன்னதுதான். வாற வெள்ளி நான் எடுக்கிறன். தம்பி லைசன்ஸோடை வானை ஓட்டட்டும்."

"வேட்டி?" என்றார் அருள்நேசன்.

"வேட்டி நல்ல வேட்டி" என்றார் போதகர், பார்சலைத் தடவிப் பார்த்து. "ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குக் கட்டிக்கொண்டு வாரும் அருள்நேசன்."

*

வெயில் சாய்ந்ததும் நடக்கப் புறப்பட்டார்கள். இந்த முறை அருள்நேசன் தனியாக இல்லை. ஒரு பக்கம் நமசிவாயம், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி. மறுபக்கம் போதகர். பின்னால் மியூரியலும் செல்வநாயகியும் குரக்கன் பிட்டுக்குத் தேங்காய்ப்பூ எவ்வளவு என்று வாதாடிக்கொண்டு. கடைசியில் ஜெயகௌரியும் றெபேக்காவும்.

முதல் படலையில் தியாகலிங்கம் எழும்பி நின்றார்.

"நிக்காதையுங்கோ அண்ணை, இருங்கோ!" என்றார் அருள்நேசன். "விரதம் முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ? அப்ப வாங்கோவன், எல்லாரும் ஒரு வாய் தேத்தண்ணி..."

"சீனி போடாமல் எண்டால் வாறம்!" செல்வநாயகி பின்னாலிருந்து கூவினார்.

தியாகலிங்கம் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு படலைக்கு வெளியே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குமோ?"

அவரும் செருப்பைக் கொழுவிக்கொண்டு சேர்ந்துகொண்டார். ஸ்ரேசனுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒழுங்கையில் பாதி அவர்களோடு நடந்தது. வழியில் சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, செத்த வீடு எங்கே என்று கேட்டார். இத்தனை பேர் ஒன்றாக நடந்து அவர் வேறெதற்கும் பார்த்ததில்லை.

திரும்பும்போது அருள்நேசன் மகளோடு சேர்ந்து நடந்தார். றெபேக்கா அன்று சாப்பாட்டுப் பெட்டியை வெறுமையாகக் கொண்டுவந்திருந்தாள். அதை வந்த உடனேயே பெருமையோடு திறந்து காட்டியிருந்தாள்.

"ஆறுதலாச் சாப்பிட்டனியோ?"

"மேசையை விட்டுத் தள்ளிப் போய்ச் சாப்பிட்டனான் அப்பா. ரிப்போட் எடுக்க வெளிக்கிடேக்கை மனேஜர் மறிச்சவர். 'ஓய்வின் அவசியம்' எண்டு ஒரு பாடம் தயாரிச்சு இண்டைக்கு ராத்திரிக்குள்ளை அனுப்பட்டாம்."

"நீ என்ன சொன்னனீ?"

"வெள்ளி பின்னேரத்திலை நான் விரதம், சேர் எண்டன்."

அருள்நேசன் நடுத்தெருவில் நின்று சிரித்தார். அந்த அடித்தொண்டைச் சிரிப்புக்கு மதில்மேல் இருந்த பூனை குதித்து ஓடியது. சிரித்து முடிந்து பார்த்தபோது, றெபேக்காவின் கையில் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். திரையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அப்பா. திங்கள் விடிய முதல் வேலையா மனேஜர் தன்ரை அறைக்கு வரட்டாம்."

"எதுக்காம்?"

"ஒண்டுமில்லை எண்டு சொல்லுறன்."

அவள் நடையை எட்டிப் போட்டாள். அருள்நேசன் வேகத்தைக் கூட்டினார். இப்போது அவருக்கு அது முடிந்தது. அந்த 'ஒண்டுமில்லை' அவருக்குப் பழக்கமான குரல். சித்திரையிலிருந்து ஆடிவரை அவரும் அதே குரலில்தான் தன் வருத்தத்தை ஒளித்து வைத்திருந்தார்.